புனைவுலகில் கனிமம்: கற்பனைக் கனிமங்களைப் படைப்பதன் அடிப்படைகள்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைவுகளிலும் மிகுபுனைவுகளிலும் இயற்கையில் இல்லாத கனிமங்கள் பல படைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில, கதை முடிந்த பின்னும் நம்பத்தக்கனவாக நிற்கின்றன. பல, வெறும் பெயராகக் கதையோடு மறைகின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் வேதிப் பெயரின் கவர்ச்சி அன்று. கனிமம் தோன்றிய சூழல், அதன் அருமைக்கான காரணம், அதனை எடுப்போரின் வாழ்வு, அதற்கு வழங்கும் பெயர்கள் ஆகியவற்றைப் படைப்பாளர் எண்ணிப் பார்த்தாரா என்பதே என்று இக்கட்டுரை கருதுகிறது. கிரிப்டோனைட்டு, கேவோரைட்டு, பனிக்கட்டி-ஒன்பது ஆகிய புனைவுப் பொருள்களும், யாதரைட்டு, குருந்தம் ஆகிய மெய்யான கனிமங்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கற்பனைக் கனிமம், அறிவியல் புனைவு, புனைவுலகப் படைப்பு, கனிமவியல், யாதரைட்டு, குருந்தம், பூநீறு

முன்னுரை

2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ திரைப்படத்தில் கிரிப்டோனைட்டுக் கல் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்படுகிறது. அக்கல் இருந்த பேழையின் மேல் அதன் சேர்மானம் எழுதப்பட்டுள்ளது: சோடியம் லித்தியம் போரான் சிலிகேட் ஹைட்ராக்சைடு, உடன் ஃபுளூரின். திரைக்கதைக்காக யாரோ கோத்துவைத்த சொற்கள் அவை. ஆனால் அதற்கு ஈராண்டுகள் முன்பே, 2004இல், மேற்குச் செர்பியாவின் யாதர் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ நிறுவனத்தார் நிலத்தைத் துளையிட்டு ஆய்ந்தபோது, இன்னதென்று அறியப்படாத ஒரு வெண்ணிறக் கனிமம் கிடைத்திருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் கிறிஸ் ஸ்டான்லி அதனை ஆராய்ந்து, கிடைத்த சேர்மானத்தை இணையத்தில் தேடினார். அவர் கண்டது எந்தக் கனிமப் பட்டியலையும் அன்று. அத்திரைப்படத்தின் பேழைக் குறிப்பையே. ஃபுளூரின் ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் பொருந்தின. 2007இல் அக்கனிமம் யாதரைட்டு என்னும் பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

யாதரைட்டு பச்சை நிறத்தில் ஒளிர்வதில்லை. எவருடைய ஆற்றலையும் உறிஞ்சுவதில்லை. அது வெளிறிய, மாவு போன்ற முடிச்சுகளாகக் கிடைப்பது. புறஊதாக் கதிர் பட்டால் இளஞ்சிவப்பு கலந்த செம்மஞ்சளாக ஒளிர்வது. இந்நிகழ்வு பெரும்பாலும் வேடிக்கைச் செய்தியாகவே சொல்லப்பட்டு வருகிறது. புனைவாய்வாளருக்கோ அது ஒரு வினாவை எழுப்புகிறது. ஒரு கற்பனைக் கனிமத்தின் வேதிச் சேர்மானம் தற்செயலாக மெய்யாகிவிட்ட நிலையிலும், அக்கனிமம் நம்பத்தக்கதாக ஏன் ஆகவில்லை? சேர்மானம் நம்பகத்தன்மையைத் தராதெனில், எது தருகிறது?

தனிமமா, கனிமமா?

புனைவுகளில் பரவலாகக் காணப்படும் குழப்பம் தனிமத்தையும் கனிமத்தையும் ஒன்றாகக் கொள்வது. தனிமம் என்பது ஒரே வகை அணுக்களால் ஆனது. கனிமம் என்பது நிலவியல் செயல்முறையால் இயற்கையில் தோன்றிய, வரையறுக்கத்தக்க சேர்மானமும் ஒழுங்கான அணு அடுக்கும் உடைய திண்பொருள். கனிமங்களின் திரள் பாறை. உலோகக்கலவையோ பெரும்பாலும் மனிதர் உலையில் ஆக்குவது. மார்வெல் படக்கதைகளின் அடமாண்டியம் உலோகக்கலவை. டோல்கீனின் மித்ரில் அகழ்ந்தெடுக்கப்படும் உலோகம். ஆய்வுரைகளில் இவையெல்லாம் ‘கற்பனைக் கனிமம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடைக்கப்படுவதைக் காண்கிறோம். இது சொல்லாட்சிப் பிழை மட்டும் அன்று. படைப்பாளரின் உரிமை எல்லையையே மறைத்துவிடுகிறது.

புதிய தனிமம் ஒன்றைக் கற்பிப்பவர்க்கு இடம் மிகக் குறைவு. தனிம வரிசை அட்டவணையில் 118 வரை இடைவெளி இன்றி நிரம்பிவிட்டது. அதற்கு அப்பாலுள்ளவை இயற்கையில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் என்று சொல்ல இயலாது. கனிமத்தைக் கற்பிப்பவர்க்கோ களம் பரந்தது. இதுவரை ஏற்பளிக்கப்பட்ட கனிம இனங்கள் 6000க்கும் மேற்பட்டவை. ஆண்டுதோறும் புதியன சேர்கின்றன. அறிந்த தனிமங்களே அறியாத சேர்க்கையில், அறியாத அடுக்கில் அமையக்கூடும். அடுக்கின் இலக்கணமும் மாறாதது அன்று. ஐந்து மடிச் சமச்சீர் படிகத்தில் அமையாது என்பது நெடுங்காலம் பாடநூல் விதியாக இருந்தது. ரஷ்யாவின் கோர்யாக் மலைப்பகுதியில் கிடைத்த விண்கல் துணுக்கில் அலுமினியம், செம்பு, இரும்பு ஆகியவற்றால் ஆன குறைபடிகம் ஒன்று கண்டறியப்பட்டு, 2010இல் ஐகோசாஹெட்ரைட்டு என்னும் பெயரில் கனிமமாக ஏற்கப்பட்டது. புதிய தனிமத்தைத் தேடி அலையும் புனைவாளர், இத்தகைய வாயில்களைக் கவனியாமல் கடந்துவிடுகிறார் என்றே தோன்றுகிறது.

அருமைக்குக் காரணம் வேண்டும்

கற்பனைக் கனிமங்கள் ஏறக்குறைய அனைத்தும் அரியவை என்றே சொல்லப்படுகின்றன. ஏன் அரியவை என்பது சொல்லப்படுவதில்லை. இயற்கையில் அருமைக்குக் காரணங்கள் உண்டு. ராபர்ட் ஹேசன், ஜெசி ஆசுபெல் ஆகிய இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அறியப்பட்ட கனிமங்களில் பாதிக்கு மேற்பட்டவை உலகில் ஐந்து அல்லது அதற்கும் குறைவான இடங்களிலேயே கிடைப்பவை என்று காட்டி, அருமையின் காரணங்களை வகைப்படுத்தினர். சில கனிமங்கள் குறுகிய வெப்ப, அழுத்த எல்லைக்குள் மட்டுமே உருவாகின்றன. சிலவற்றுக்கு வேண்டிய தனிமங்களே அரியவை. சில தோன்றிய வேகத்தில் அழிகின்றன. சில, மனிதர் செல்லவியலாத இடத்தில் இருப்பதாலோ கண்ணுக்குப் புலப்படாததாலோ அரியவையாக எண்ணப்படுகின்றன.

இவற்றுள் மூன்றாம் வகையே கதைக்கு மிகுந்த பயன் தருவது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எல் சால்வடோர் நாட்டின் இசால்கோ எரிமலையின் ஆவித்துளைகளில் படியும் ஃபிங்கரைட்டு என்னும் செம்பு வனேடியக் கனிமம் மழை பெய்தால் கரைந்துபோகிறது. தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டாகப் பூநீற்றைக் கூறலாம். உவர்நிலத்தில் ஈரம் மேலேறி உலரும்போது மண்ணின்மேல் பூத்து நிற்கும் காரவுப்பு அது. சித்த மருத்துவ நூல்கள் அதனை இன்ன பருவத்தில், இன்ன பொழுதில் எடுக்கவேண்டும் என்று காலம் வகுத்துரைக்கின்றன. இடத்தால் அரிய கனிமம் படையெடுப்புக் கதையைத் தரும். காலத்தால் அரிய கனிமம் காத்திருப்பையும் பருவ அறிவையும் தலைமுறைத் தொழிலையும் தரும். ஆனால் புனைவாளர் பெரும்பாலோர் முதல் வகையோடு நின்றுவிடுகின்றனர்.

ஒரு கோளில் எந்தக் கனிமங்கள் இருக்கலாம் என்பதையும் அக்கோளின் வரலாறே முடிவு செய்கிறது. ஹேசனும் அவருடன் பணியாற்றியோரும் 2008இல் முன்வைத்த கனிமப் படிமலர்ச்சிக் கொள்கையின்படி, கோள்கள் தோன்றுமுன் விண்வெளித் தூசியில் இருந்த கனிமங்கள் ஏறத்தாழ பன்னிரண்டே. புவியின் இன்றைய கனிம இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு, நேராகவோ மறைமுகமாகவோ உயிரினங்களின் செயலால் விளைந்தவை. ஒளிச்சேர்க்கையால் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பெருகிய பின்னரே செம்பின் பச்சை, நீலக் கனிமங்கள் பல தோன்றின. எனவே உயிரற்ற, ஆக்சிஜனற்ற கோளில் பச்சை மாலகைட்டுப் பாறைகள் நிறைந்து கிடப்பதாக எழுதினால், அங்கு ஒரு காலத்தில் உயிர்கள் வாழ்ந்தன என்று எழுதியதாகவே பொருள். இது தடை போலத் தோன்றினாலும் ஒரு கதைக்கருவும் ஆகும்.

ஒரு விலக்கும் அதன் விளைவுகளும்

எச்.ஜி. வெல்ஸ் 1901இல் வெளியிட்ட சந்திரப் பயண நாவலில் கேவோரைட்டு என்னும் பொருள் புவியீர்ப்பைத் தடுக்கிறது. அது மனிதர் ஆக்கிய பொருளே, கனிமம் அன்று. இயற்பியல் விதிக்கு முற்றிலும் மாறானதும்கூட. ஜூல் வெர்ன் இதனைக் குறைகூறியதும் நாம் அறிந்ததே. ஆயினும் வெல்ஸ் செய்த ஒரு செயல் கூர்ந்து நோக்கத்தக்கது. கேவோரைட்டுத் தகடு முதன்முதல் உருவானபோது விண்கலம் பறக்கவில்லை, புயல் அடிக்கிறது. தகட்டுக்கு மேலிருந்த காற்று எடையிழக்கிறது, சுற்றியுள்ள காற்று அதனை மேலே தள்ளிக்கொண்டு பாய்கிறது, வீடு சிதைகிறது. தகடும் தூக்கி எறியப்பட்டிராவிட்டால் புவியின் வளிமண்டலமே அவ்வழியாக வெளியேறியிருக்கும் என்று பாத்திரங்கள் கணக்கிடுகின்றன. விதிவிலக்கு ஒன்றே, அதன்பின் நிகழ்வன யாவும் விதிப்படி. வெர்ன் கேட்டது விலக்கின் நியாயத்தை; வாசகர் கேட்பதோ விளைவின் நியாயத்தை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் அறிவியல் புனைவைத் திறனாய்வு செய்வது தமிழிலும் வழக்கமாகி வருகிறது.

கர்ட் வானெகட் 1963இல் எழுதிய ‘கேட்ஸ் க்ரேடில்’ நாவலின் பனிக்கட்டி-ஒன்பது இன்னும் செறிவான சான்று. பனிக்கட்டி ஒரு கனிமமே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வானெகட்டின் கற்பனைப் பனிக்கட்டி 45.8 பாகை செல்சியஸ் வெப்பத்திலேதான் உருகும். அதன் ஒரு துகள் நீரில் விழுந்தால் நீர் முழுவதும் அவ்வடிவுக்கு மாறும். நீரின் சேர்மானத்தில் ஓர் அணுகூட மாற்றப்படவில்லை. மாற்றப்பட்டது மூலக்கூறுகளின் அடுக்கும் உருகுநிலையும் மட்டுமே. இக்கருத்தின் வேர், வானெகட் பணியாற்றிய ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வேதியியலாளர் இர்விங் லாங்முயரிடம் உள்ளது. 1968இல் ஆய்வகத்தில் மெய்யாகவே ஒன்பதாம் எண் பெற்ற பனிக்கட்டி அறியப்பட்டது. ஆனால் அது மிகு அழுத்தத்திலும் கடுங்குளிரிலும் மட்டுமே நிலைப்பது, எவருக்கும் தீங்கு செய்யாதது.

வித்துப் படிகம் வாயிலாக அடுக்கு மாற்றம் பரவுவது வெறுங்கற்பனை அன்று. எச்.ஐ.வி. நோய்க்கான ரிட்டோனவிர் மருந்தில் 1998இல் முன்னறியாத புதிய படிக வடிவம் ஒன்று தலைகாட்டியது. அது பழைய வடிவைவிடக் குறைவாகக் கரைந்தது. வித்துத் துகள்கள் புகுந்த இடங்களில் பழைய வடிவை ஆக்குவது அரிதாயிற்று; அம்மருந்தின் உறைமாத்திரைகளைச் சந்தையிலிருந்து மீட்க நேர்ந்தது. வானெகட்டின் கற்பனை நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், இயற்கை ஏற்கெனவே செய்துவரும் ஒன்றை அவர் ஓர் எண்ணளவில் மட்டும் மிகைப்படுத்தினார் என்பதே. கிரிப்டோனைட்டோ இதற்கு நேர்மாறானது. 1943இல் வானொலித் தொடரில் தோன்றி, 1949இல் படக்கதைக்கு வந்த அக்கல், கதை கோரியபோதெல்லாம் புதிய நிறமும் புதிய ஆற்றலும் பெற்றது. எதையும் செய்யவல்ல கல்லுக்கு விளைவுகள் இருக்க இயலாது.

பெயரும் வகைப்பாடும்

ஆங்கிலப் புனைவில் ‘ஐட்டு’ என முடியும் பெயர் கனிமத்தையும், ‘இயம்’ என முடியும் பெயர் தனிமத்தையும் சுட்டும் பழக்கம் நிலவுகிறது. தமிழில் எழுதுவோர் பலர் இவ்விரு ஈறுகளையும் அப்படியே எடுத்தாள்கின்றனர். இது தவறன்று. ஆயினும் கதைமாந்தர் எம்மொழி பேசுவோர், கல்லுக்குப் பெயரிட்டவர் யார் என்னும் வினாக்கள் எழாமல் போகின்றன. பெயர் பயணித்த திசையும் ஒருவழிப்பட்டது அன்று. உலகக் கனிமவியல் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் சொல், தமிழின் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றது. காக்காய்ப்பொன், மயில்துத்தம், சலவைக்கல் போன்ற பெயர்களில் மக்கள் கண்ட தோற்றமும் பயனும் பதிந்துள்ளன; சேர்மானம் இல்லை.

குருந்தத்தைச் சற்று விரித்துப் பார்ப்பது பயன் தரும். கனிமவியல் நோக்கில் மாணிக்கமும் நீலமும் ஒரே இனம்; இரண்டும் அலுமினிய ஆக்சைடே. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். மரபுவழி மணிநூல்களோ இவற்றை வெவ்வேறு மணிகளாகக் கொண்டு, வெவ்வேறு தெய்வங்களோடும் கோள்களோடும் இணைத்தன. சிலப்பதிகார ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவை வருணிக்குமிடத்தில், ஒரே தோற்றத்தினின்று ஐவேறு அழகு பெற்ற மணிகள் பேசப்படுகின்றன. உரை மரபு அவ்வைந்தனுள் மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்துக் கூறுகிறது. இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் படிக வேதியியல் அறிந்திருந்தனர் என்று முழங்குவோர் உளர். அவ்வைந்தனுள் வைடூரியமும் கோமேதகமும் இடம்பெறுகின்றன. அவை குருந்த இனம் அல்ல என்பதே அம்முழக்கத்துக்குப் போதிய மறுப்பு. இங்கு நமக்கு வேண்டுவது வேறொன்று. கல் வணிகரின் கண்ணும் கையும் பழகிப் பழகி, ஆய்வகம் இன்றியே, சில மணிகள் உறவுடையவை என்று பிரித்தறிந்து ஒரு வகைப்பாட்டை ஆக்கியிருக்கின்றன. அவ்வகைப்பாடு ஓரளவு சரியாகவும் ஓரளவு பிழையாகவும் உள்ளது. புனைவுலக மக்களின் கனிம அறிவும் இவ்வாறே இருத்தல் வேண்டும். முழுதும் சரியான அறிவையோ முழுதும் மூடநம்பிக்கையையோ அவர்களுக்கு அளிப்பது, அவர்களைக் கண்கொண்டு பாராததன் விளைவு.

சூரியகாந்தக்கல் வெயிலில் தீ உமிழும், சந்திரகாந்தக்கல் நிலவில் நீர் கசியும் என்னும் மரபுச் செய்திகளும் கற்பனைக் கனிமப் படைப்புகளே. ஒளியைக் குவிக்கும் படிகமும், குளிரில் பனி அரும்பும் கல்லும் அவற்றுக்குப் பின்னணியாக இருந்திருக்கலாம். விலக்கு ஒன்று, தூண்டும் காரணம் ஒன்று என அவை அளவோடு அமைந்திருப்பதைத் தமிழ்ப் புனைவாளர் கருதிப் பார்க்கலாம்.

கல்லின்மேல் வாழ்வோர்

யாதரைட்டிடம் மீண்டும் வருவோம். அதன் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு லித்தியம். மின்னூர்திகளின் மின்கலத்துக்கு லித்தியம் வேண்டும். ஆகவே அருங்காட்சியகப் பேழையில் புதுமையாக இருந்த கல், சில ஆண்டுகளில் ஒரு நாட்டின் அரசியல் பொருளாயிற்று. யாதர் பள்ளத்தாக்கு வேளாண் நிலம். சுரங்கம் வந்தால் நீரும் மண்ணும் கெடும் என அஞ்சிய மக்கள் 2021இன் இறுதியில் சாலைகளை மறித்துப் போராடினர். 2022 சனவரியில் செர்பிய அரசு திட்டத்தின் ஒப்புதல்களை நீக்கியது. 2024 சூலையில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அந்நீக்கம் செல்லாது என்றது. திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. ஆகஸ்டில் பெல்கிரேடு நகரில் பெருந்திரளான மக்கள் தெருவில் இறங்கினர். தூய ஆற்றலுக்கு லித்தியம் இன்றியமையாதது என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. உழவர் அச்சத்திலும் நியாயம் உண்டு. புனைவுக்கு வேண்டிய முரண் இதுவே.

2009இல் வெளிவந்த ‘அவதார்’ திரைப்படம் இம்முரணைத் தொட்டது. அதன் கனிமத்துக்கு அன்அப்டேனியம், அதாவது ‘கிடைத்தற்கரியது’, என்று பெயர். பொறியாளர்கள் நகையாக வழங்கிவந்த சொல்லையே பெயராகக் கொண்டது, அக்கல் எதுவாக இருந்தாலும் கதைக்கு ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்வது போல் உள்ளது. அங்கு நிலத்தின்மேல் வாழ்வோர்க்கு அக்கல்லோடு தமக்கென ஓர் உறவோ, பெயரோ, பயனோ இருப்பதாகக் காட்டப்படவில்லை. வந்தவர்க்கு மட்டுமே அது பொருள். கிரிப்டோனைட்டு நம்பத்தக்கதாக ஆகாததற்கும் இதுவே காரணம் எனலாம்: அதனைத் தோண்டிய கை ஒன்றுகூட அக்கதையில் நினைவில் நிற்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றை ஒருங்கே பொருத்திப் பார்க்க, ஒரு கனிமத்தை இங்கு அமைத்துக் காட்டலாம். அடிப்படையாக மிராபிலைட்டு என்னும் மெய்யான கனிமத்தைக் கொள்வோம். அது பத்து நீர் மூலக்கூறுகளைக் கொண்ட சோடியம் சல்பேட்டு. குளிரில் உவர்நீரிலிருந்து படிகமாகும்; உலர்ந்த காற்றில் நீரை இழந்து வெண்பொடியாகும்; ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் கடந்தால் தன் நீரிலேயே கரையும். வற்றிய உள்நாட்டுக் கடலின் படுகையில், குளிர்ந்த இரவும் சுடும் பகலும் உள்ள நாட்டில், இதன் உறவினம் ஒன்று விடியுமுன் பூப்பதாகக் கொள்வோம். ஒரே விலக்கு: படிகம் வளரும் நேரத்தில் சூழ்ந்திருந்த ஒலி அதில் தங்கும், படிகம் சிதையும்போது அவ்வொலி ஒருமுறை மட்டும் வெளிப்படும்.

இனி விளைவுகளைத் தேடினால் போதும். ஒலியைப் பதிக்க விரும்புவோர் விடியலுக்கு முன் படுகைக்கு வரவேண்டும். எனவே உயில் கூறுவோரும் உடன்படிக்கை செய்வோரும் முதியோரைத் தூக்கிக்கொண்டு இரவில் பயணம் செய்வர். படிகத்தைச் சேமிக்கக் குளிர்ச்சி வேண்டும். ஈரமணல் பரப்பிய மட்பானையும் நிழல்வழிப் பாதையும் தோன்றும். ஒலி ஒருமுறையே வெளிப்படுமாதலால், வழக்கில் சான்றை ஒரு நீதிபதியே கேட்க இயலும். மேல்முறையீட்டுக்குச் சான்று இராது. எனவே கேட்டதைச் சொல்லும் சாட்சிகள் ஒரு தனித்தொழிலினராகத் திரள்வர். மழை மிகுந்த ஆண்டில் படுகை பூக்காது. அவ்வாண்டில் இறந்தோரின் சொத்துகள் தகராறுக்கு உள்ளாகும். அரசு ஆவணங்கள் இதனை ‘ஒலியுப்பு’ என்னும். உப்பு வாருவோர் ‘செவிப்பூ’ என்பர். வணிகர் தெளிவு, முனகல், ஊமை எனத் தரம் பிரிப்பர்.

படுகையின் பெரும்பகுதியில் எவரும் பேசுவதில்லை. அங்குப் பூப்பது காற்றொலி மட்டும் கொண்ட ஊமை உப்பு. விலை மிகக் குறைவு. அது மூட்டை மூட்டையாக நகரத்துச் சலவைத்துறைக்குப் போகும். நீரில் அதனைக் கரைக்கும்போது துறை முழுவதும் மெல்லிய காற்றின் இரைச்சல் எழும். ஆனால் அந்த உப்பையும் விடியுமுன் யாரோ வாரியிருக்கிறார்கள்; உப்புத்தூசி நெஞ்சில் அடைத்த தொழிலாளரின் இருமல் அதில் பதிந்திருக்கும். துணி வெளுப்பவள் நாள்தோறும் அதைக் கேட்கிறாள். ஆண்டுகள் செல்லச் செல்ல, எந்த இருமல் யாருடையது என்றும், எது நின்றுபோயிற்று என்றும் அவளுக்குத் தெரியும். படுகைக்கு அவள் ஒருநாளும் சென்றதில்லை.